முக்காலி இல்லாத மண்டபம்

நவம்பர் முதல் தேதிக்கு மாலை வேண்டுமென்றால் தோவாளையில் முந்தின நாளே சொல்லிவைத்துவிடுவது நல்லது. கலெக்டர், எம்.பி., எம்.எல்.ஏ.க்கள், ஒவ்வொரு கட்சியின் மாவட்டச் செயலாளர், வக்கீல்கள், ஊர்ச் சங்கங்கள் என்று எல்லாருக்கும் அன்றைக்கு மாலை வேண்டும். அத்தனையும் போய் விழுகிற கழுத்து ஒன்றுதான். நாகர்கோவிலில் மார்ஷல் நேசமணி மணிமண்டபத்தில் இருக்கிற சிலையின் கழுத்து.

ஒரு கழுத்து எத்தனை மாலை தாங்கும் என்ற கேள்விக்கு அங்கே ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்கள். சிலைக்குப் பின்னால் ஒட்டினாற்போல ஒருவர் நின்றுகொண்டிருந்தார். முன்னால் வருகிறவர் மாலையைப் போட்டு, கும்பிட்டு, போட்டோகிராபரைப் பார்த்து ஒரு நொடி அசையாமல் நிற்பார். அவர் கீழே இறங்கக் காலை எடுக்கும்போதே பின்னால் நிற்பவர் மாலையை உருவி ஓரமாகப் போட்டுவிடுவார். அடுத்த கட்சி வரும்போது கழுத்து வெறுமையாக இருக்கும். சம்பங்கி, கேந்தி, கோழிப்பூ எல்லாம் ஓரத்தில் ஒரே குவியலாகக் கிடந்தன. எந்தக் கட்சி மாலை எது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. குவியலுக்கு நடுவில் ஒரு மாணிக்கமாலையும் இருந்தது. நொச்சி இலையில் சிவப்பும் வெள்ளையுமாக அரளியை மடித்துக் கட்டுகிற, பாய் முடைந்ததுபோல் தட்டையாக விழுகிற தோவாளை வேலைப்பாடு. அதைக் கட்டியவர் எத்தனை நேரம் குனிந்து உட்கார்ந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். சிலையின் மார்பில் அது இருந்தது ஒரு நிமிஷம்கூட இருக்காது.

இந்த மாவட்டத்துக்காரர் அல்லாதவர்களுக்காக ஒரு பத்தி. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்திலிருந்து பிரிந்து சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தன. கன்னியாகுமரி மாவட்டம் அப்படித்தான் உண்டாயிற்று. செங்கோட்டைத் தாலுகாவின் ஒரு பகுதி திருநெல்வேலி மாவட்டத்தோடு போயிற்று. இதற்காகப் பத்து வருஷத்துக்குக் குறையாமல் நடந்த கிளர்ச்சியை நடத்தியது திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ். அதன் முகமாக இருந்தவர் பள்ளியாடியில் 1895 ஜூன் 12-இல் பிறந்த வக்கீல் ஏ. நேசமணி. மார்ஷல் என்பது பட்டாளத்தில் வாங்கிய பதவி அல்ல, தொண்டர்கள் கொடுத்த பட்டம். குமரித் தந்தை என்றும் சொல்வார்கள்.

நான் சித்தப்பாவோடு போயிருந்தேன். மார்த்தாண்டத்தில் பஸ் ஏறி அழகியமண்டபம், தக்கலை, வில்லுக்குறி, பார்வதிபுரம் வழியாக வடசேரியில் இறங்கி அங்கிருந்து ஒரு ஆட்டோ. சித்தப்பா நாகர்கோவில் கோர்ட்டில் காலமெல்லாம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவர். வேலையை விட்டு வருஷங்கள் ஆகிவிட்டன, ஆனாலும் எந்தக் காகிதத்தைக் கையில் கொடுத்தாலும் முதலில் தேதியையும் முத்திரையையும்தான் பார்ப்பார். அன்றைக்கு மண்டபத்துக்குள் நுழைந்ததும் சிலையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு சுற்றிலும் ஒரு நடை நடந்தார். என்னிடம் வந்து, அமீனா ஜப்திக்கு வந்த வீட்டில் கேட்பதுபோல் கேட்டார்:

“மக்களே, அந்த முக்காலியக் காணல்லியே?”

எந்த முக்காலி என்று நான் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் வளர்ந்த யாரும் கேட்க மாட்டார்கள்.

1920-களின் தொடக்கத்தில் நேசமணி சட்டம் படித்து முடித்து நாகர்கோவில் கோர்ட்டில் தொழில் செய்ய வருகிறார். வக்கீல்கள் உட்காரும் இடத்தில் மேல்சாதி வக்கீல்களுக்கு நாற்காலி. மற்ற சாதியிலிருந்து படித்து வந்த ஒன்றிரண்டு பேருக்கு முக்காலி. எல்லாரும் படித்தது ஒரே சட்டம், பார்க்கிற ஜட்ஜியும் ஒரே ஜட்ஜி, ஆனால் சாய்ந்துகொள்ள முதுகுப் பலகை வேண்டுமானால் பிறப்பு சரியாக இருக்க வேண்டும். நேசமணி அந்த முக்காலியைக் காலால் உதைத்துத் தள்ளிவிட்டு ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். குடிதண்ணீருக்கு சாதிக்கொரு பானை வைத்திருந்ததையும் உடைத்தார் என்பார்கள். இதுதான் கதை. ஊருக்கு ஊர் இதற்குக் கைகால் முளைத்திருக்கும். ஒருவர் சொல்லும்போது முக்காலி ஜன்னல் வழியாகப் பறந்து வெளியே விழும். இன்னொருவர் சொல்லும்போது ஜட்ஜியே எழுந்து நிற்பார். சித்தப்பா கோர்ட்டில் சேர்ந்தபோது அங்கே இருந்த கிழக் குமாஸ்தாக்கள் தங்களுக்கு முந்தின தலைமுறைக் குமாஸ்தாக்களிடம் கேட்டதாகச் சொன்ன பாடம் அவரிடம் இருக்கிறது. அதில் பறத்தலும் இல்லை, எழுந்து நிற்றலும் இல்லை. அவர் பாடத்தின்படி, உதைத்த அன்றைக்கு யாரும் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் எல்லாருக்கும் நாற்காலி கிடந்தது. நான் கேட்டதிலேயே நம்பும்படியாக இருப்பது இதுதான். அந்தக் காலத்துத் திருவிதாங்கூரில் பல விஷயங்கள் யாராவது ஒருவர் ஒருமுறை மறுப்பதற்காகக் காத்திருந்தன.

எல்லா விஷயமும் அப்படி அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். நாடார் பெண்கள் மார்பை மூடுகிற உரிமைக்கு 1859 வரைக்கும் அடிபட வேண்டியிருந்தது. அந்த வருஷம் ஜூலை 26-இல் உத்திரம் திருநாள் மகாராஜா விளம்பரம் போட்ட பிறகுதான் அடி ஓய்ந்தது. கோயிலுக்குள் எல்லாரும் போகலாம் என்று உத்தரவு வந்தது 1936 நவம்பர் 12-இல். நேசமணி உதைத்த முக்காலி இந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவில் கிடந்த ஒன்று. அவர் பிறந்த வீட்டிலும் சரி, எங்கள் வீட்டிலும் சரி, உடை, இருக்கை, தண்ணீர்ப் பானை எல்லாம் வரலாற்றுப் புத்தகத்துக்குள் போகாமல் பாட்டிமார் வாயிலேயே இருந்த சங்கதிகள்.

மண்டபத்தில் முக்காலி இல்லை. கோர்ட்டில் கிடந்த அசல் முக்காலி எந்த அடுப்பில் எரிந்ததோ. ஆனால் அதைப்போல ஒன்றைச் செய்து, கவிழ்த்துப் போட்டு வைத்திருக்கலாம். அதைத்தான் முதலில் காட்ட வேண்டும் என்பது சித்தப்பாவின் கட்சி. எனக்கும் அதே கட்சிதான், காரணம் மட்டும் வேறு. இணைப்புப் போராட்டத்தை மொழிப் போராட்டம் என்று மட்டும் சொல்லிப் பழகிவிட்டோம். மேடையில் அன்றைக்குப் பேசிய ஒவ்வொருவரும் தாய்த்தமிழகம், மொழிவழி மாநிலம், எல்லை மீட்பு என்றே பேசினார்கள். பொய் ஒன்றும் இல்லை. ஆனால் என் பாட்டாவை வைத்துப் பார்த்தால் அது பாதிக்கதை.

பாட்டா விளவங்கோடு தாலுகாக்காரர். பள்ளிக்கூடத்தில் அவர் படித்தது மலையாளம். தமிழ் எழுத்துகளைப் பிற்பாடு பைபிளையும் சுவரொட்டிகளையும் வைத்துத் தானாகவே கற்றுக்கொண்டார். சாகிறவரை காலையில் சாயாவோடு அவர் விரித்துப் பிடித்தது மலையாள மனோரமாதான். மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் தின்றுகொண்டே அதிலிருந்து திருவனந்தபுரத்துச் செய்திகளை எங்களுக்கு வாசித்துச் சொல்வார். இதே மனுஷன்தான் வாலிபத்தில் தமிழ்நாடு காங்கிரஸ் கூட்டம் எங்கே நடந்தாலும் தீப்பந்தம் பிடித்துக்கொண்டு நடந்தே போனவர். கல்லூரியில் படிக்கும்போது எனக்கு இது பெரிய முரண்பாடாகப் பட்டது. மலையாளம் இவ்வளவு பிடித்திருந்தால் எதற்காகத் தமிழ்நாட்டோடு சேரப் போராடினீர்கள் என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். பேப்பரை மடக்காமலேயே பதில் சொன்னார்:

“பாஷ ரெண்டும் நம்ம வாயில உள்ளதுதானே. தாசில்தார் ஆபீசில போயி நின்னா, ஒருத்தன் ‘இரி’ன்னு பறயணும். அதுக்கு வேண்டித்தான்.”

எத்தனையோ ஆய்வுக் கட்டுரைகள் வாசித்த பிறகும் எங்கள் தாலுகாவைப் பொறுத்தவரை இதைவிடச் சரியான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. நாஞ்சில் நாட்டுப் பக்கம், தோவாளையிலும் அகஸ்தீஸ்வரத்திலும், நிலைமை வேறு. அங்கே வீட்டிலும் வயலிலும் கோயிலிலும் தமிழ்தான். அரசாங்கக் காகிதம் மட்டும் வேறு மொழியில் வருவது அவர்களுக்கு நேரடியான உபத்திரவம். மேற்கே போகப்போக மொழி கலந்துபோகும், சாதி அடுக்கின் பாரம் கூடும். இரண்டு எரிச்சலையும் ஒரே கோரிக்கைக்குள் வைத்துக் கட்டியதில்தான் நேசமணியின் வக்கீல் மூளை தெரிகிறது. மாநில மறுசீரமைப்புக் கமிஷன் முன்னால் முக்காலியைக் காட்டி வாதாட முடியாது. சென்சஸைக் காட்டித்தான் வாதாட வேண்டும். எத்தனை பேர் தமிழ் பேசுகிறார்கள் என்பதற்குக் கணக்கு உண்டு. எத்தனை பேரை நிற்க வைத்துப் பேசுகிறார்கள் என்பதற்கு எந்த சர்க்காரும் கணக்கு எடுப்பதில்லை.

இயக்கத்தை அவர் ஆரம்பிக்கவும் இல்லை, தனியாக நடத்தவும் இல்லை. சாம் நத்தானியல், பி.எஸ். மணி போன்றவர்கள் முன்னாலேயே களத்தில் இருந்தார்கள். குஞ்சன் நாடார், தாணுலிங்க நாடார், ஏ. அப்துல் ரசாக் என்று கூட நின்றவர்களின் வரிசை நீளம். தங்களுக்குள் சண்டையும் போட்டார்கள், பிரிந்து நின்று கூடவும் செய்தார்கள். மணிமண்டபம் என்ற கட்டட வகைக்கு இது ஒரு குறை. ஒரு மண்டபத்துக்கு ஒரு சிலைதான் என்பது அதன் இலக்கணம். பத்துப் பேர் சேர்ந்து கூச்சலும் குழப்பமுமாகச் செய்த காரியத்தை அது ஒருவரின் அமைதியான முகமாக்கிவிடுகிறது.

வெளியே பந்தல் போட்டிருந்தார்கள். பின்னால் பிளாஸ்டிக் நாற்காலிகள், முன்வரிசையில் சோபா. சோபாக்களில் பேர் எழுதிய சீட்டு ஒட்டியிருந்தது. சித்தப்பா அதையெல்லாம் கவனிக்காமல் போய் ஒரு சோபாவில் உட்கார்ந்துவிட்டார். பேட்ஜ் குத்திய ஒரு பையன் வந்து மரியாதையாகத்தான், “தாத்தா, கொஞ்சம் பின்னாடி இருந்துக்கிடுங்க” என்றான். அங்கே, அந்த மனிதரின் மண்டபத்து வாசலில், இருக்கையிலிருந்து எழுப்பப்படுவது! என் மனசில் ஒரு தலையங்கமே தயாராகிவிட்டது. சித்தப்பாவோ “பின்னாலதான் ஃபேன் இருக்கு” என்று சொல்லிக்கொண்டே நிம்மதியாக நகர்ந்தார்.

ஃபேனுக்கடியில் எங்கள் பக்கத்தில் வயதான சிலர் இருந்தார்கள். எல்லைக் காவலர் உதவித்தொகை வாங்குகிறவர்கள். அரசாங்கம் அப்படியொரு மாதத் தொகை கொடுக்கிறது. அவர்களில் ஒருவரிடம் அந்தக் காலத்தைப் பற்றிக் கேட்டேன். அவர் பென்ஷன் புத்தகத்தைப் பற்றித்தான் விரிவாகப் பேசினார். வாழ்நாள் சான்றிதழ் கொடுக்கத் தாமதமானால் என்னவெல்லாம் நடக்கும் என்று தெரிந்துகொண்டேன். நாம் போய் நிற்கிற நேரத்துக்கு நினைவுகள் தயாராக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் ஒருவகைத் திமிர்தான்.

1954-ஐப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. அந்த வருஷத் தேர்தலில் திருவிதாங்கூர்-கொச்சி சட்டசபைக்குத் தமிழ்நாடு காங்கிரஸ் 12 இடங்களில் ஜெயித்தது. காங்கிரஸ் ஆதரவில் பட்டம் தாணு பிள்ளை தலைமையில் பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் மந்திரிசபை. ஜூலையில், சென்னையோடு சேர்க்கச் சொல்லி இயக்கம் கேட்ட தேவிகுளம் பக்கம் தடையை மீறப்போய்த் தலைவர்கள் கைதானார்கள். தெற்கே கொதிப்பு ஏறியது. ஆகஸ்ட் 11-ஆம் தேதியை விடுதலை நாளாக அறிவித்து ஊர்வலங்கள் கிளம்பின. தொடுவட்டியிலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. தொடுவட்டி என்பது இன்றைய மார்த்தாண்டம். வெளியூர்க்காரர்களுக்கு அது மேம்பாலத்தால் தெரிகிற ஊர். சித்தப்பாவுக்கு அப்போது பள்ளிக்கூட வயது. கடைகளின் நிரைப்பலகைகளை ஒவ்வொன்றாக மாட்டி அடைக்கிற சத்தமும், பாட்டி தன்னைப் பத்தாயத்துக்குப் பின்னால் தள்ளிவிட்டதும்தான் அவருக்கு ஓர்மையில் இருக்கிறது. வெடிச்சத்தம் கேட்டதா என்றால், கேட்டதாகத்தான் எல்லாரும் சொல்கிறார்கள், எனக்கு நிரைப்பலகைச் சத்தம்தான் கேட்டது என்பார். குமாஸ்தா அல்லவா, தன் சாட்சியத்துக்கு அப்பால் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்.

அந்தத் துப்பாக்கிச் சூடு எங்கள் தாலுகாவோடு முடிந்துவிடவில்லை. சோஷலிஸ்ட் ஆட்சி ஜனங்களைச் சுடலாமா என்று கேட்டு, தாணு பிள்ளை ராஜினாமா செய்ய வேண்டும் என்று சொன்னவர் அதே கட்சியின் பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியா. தாணு பிள்ளை மறுத்தார். கட்சி அவர் பக்கம் நின்றது. அந்தத் தகராறு வளர்ந்து வளர்ந்து கடைசியில் லோகியா தனிக்கட்சி கண்டார். இந்திய சோஷலிஸ்டுகளின் பெரும் பிளவுகளில் ஒன்றுக்குத் திரி கிள்ளிய ஊர்களின் பெயர் புதுக்கடை, தொடுவட்டி. வடக்கே லோகியாவைப் பற்றி எழுதுகிறவர்கள் இதைச் சொல்கிறார்கள். நவம்பர் 1 மேடையில் ஒருவர்கூடச் சொல்லி நான் கேட்டதில்லை. தாணு பிள்ளையின் மந்திரிசபை 1955 பிப்ரவரியில் கவிழ்ந்தது.

ஃபசல் அலி, குன்ஸ்ரு, கே.எம். பணிக்கர் மூவரும் இருந்த மாநில மறுசீரமைப்புக் கமிஷன் அதே வருஷம் செப்டம்பரில் அறிக்கை கொடுத்தது. பணிக்கர் மலையாளி. அவர் கையெழுத்திட்ட அறிக்கைதான் நான்கு தாலுகாக்களையும் சென்னைக்குக் கொடுக்கச் சொன்னது. கேட்டதில் தேவிகுளம், பீர்மேடு கிடைக்கவில்லை. நெய்யாற்றின்கரையும் கிடைக்கவில்லை. முல்லைப் பெரியாறு அணை பீர்மேட்டில் இருப்பதால் இந்த வருத்தம் பழசாகாமல் வருஷாவருஷம் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருக்கிறது. காமராஜர் இன்னும் கொஞ்சம் இழுத்துப் பிடித்திருக்கலாம் என்று சொல்கிறவர்கள் எங்கள் வீட்டுக் கல்யாணப் பந்தியிலேயே உண்டு. அதே ஆட்கள்தான் 1969 இடைத்தேர்தலில் காமராஜருக்கு ஓட்டுப் போட்டவர்கள். 1967-இல் தமிழ்நாட்டின் 39 மக்களவைத் தொகுதிகளில் காங்கிரசுக்கு மூன்றே மூன்று மிஞ்சியபோது, அதில் ஒன்று நேசமணி நின்ற நாகர்கோவில். 1968 ஜூன் 1-இல் அவர் இறந்தார். விருதுநகரில் தோற்றிருந்த காமராஜர் அந்தக் காலி இடத்தில் நின்றுதான் டெல்லிக்குப் போனார். நேசமணி உழுது வைத்த வயல் என்று பாட்டா இதைச் சொல்வார்.

எல்லைக்கோடு போட்ட பிறகும் ஒட்டிக்கொண்டே இருக்கிற விஷயங்கள் உண்டு. பத்மநாபபுரம் அரண்மனை எங்கள் மாவட்டத்துக்குள் இருக்கிறது, பராமரிப்பது கேரள அரசு. டிக்கெட் கிழிப்பவர் மலையாளத்தில் விலை சொல்வார், நாம் தமிழில் எண்ணிக் கொடுப்போம். நவராத்திரிக்கு அங்கிருந்து சரஸ்வதியும், குமாரகோவிலிலிருந்து முருகனும், சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கையும் புறப்பட்டுத் திருவனந்தபுரம் போய்வருகிறார்கள். களியக்காவிளையில் இரண்டு மாநிலப் போலீசும் மரியாதை செய்கிறது. ஓணம் வந்தால் தோவாளைப் பூவெல்லாம் லாரி ஏறி மேற்கே போய்விடும். கேரளப் பிறவி என்று அவர்கள் கசவுப் புடவை கட்டிக் கொண்டாடுவதும் இதே நவம்பர் 1-தான். பாறசாலையில் கல்யாணம் செய்துகொடுத்த எங்கள் அத்தை மகள் அன்றைக்கு இரண்டு பக்கமும் வாழ்த்து அனுப்புவாள்.

மண்டபத்திலிருந்து கிளம்பும்போது மத்தியானம் ஆகிவிட்டது. நேரே வீட்டுக்குப் போகலாம் என்றேன். புதுக்கடைக்குப் போய்விட்டுத்தான் போக வேண்டும் என்று சித்தப்பா பிடிவாதம் பிடித்தார். மார்த்தாண்டத்தில் இறங்கி பஸ் மாறிப் போனோம். தியாகிகள் ஸ்தூபி சாலையோரத்தில் நிற்கிறது. ஆகஸ்ட் 11-க்கு இங்கே மாலை வரும். நவம்பரில் பெரிய கூட்டம் நாகர்கோவிலுக்குப் போய்விடும். சித்தப்பா சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்தார். மண்டபத்து ஓரத்தில் குவிந்து கிடந்த மாலைகளிலிருந்து ஒரு துண்டைப் பிய்த்து எடுத்து வந்திருக்கிறார்! கேட்டதற்கு, “அங்கின ஒருத்தருக்கு அத்தனை எதுக்கு?” என்றார். ஸ்தூபியின் கீழே அதை வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, சாயா குடிக்கலாம் வா என்று ரோட்டைக் கடந்தார்.

சாயாக்கடையில் கொல்லங்கோட்டுப் பக்கத்து ஆள் ஒருவர் இருந்தார். வாழைக்குலை விற்றுவிட்டு வந்தவர். எங்கே போய்விட்டு வருகிறோம் என்று கேட்டார், சொன்னோம். “நேசமணி வக்கீலுக்க மண்டபமா?” என்றார். எங்கள் பக்கத்தில் பாதிப்பேருக்கு அவர் இன்னும் வக்கீல்தான். பிறகு அவர் பேச்சு நேராகத் தண்ணீருக்குப் போயிற்று. நெய்யாறு உற்பத்தியாகி ஓடுவது, அணை கட்டியிருப்பது எல்லாம் கேரளத்தில். அதன் இடதுகரைச் சானல் எல்லை தாண்டி வந்து விளவங்கோடு தாலுகாவில் 9,200 ஏக்கருக்குப் பாய வேண்டியது. பிரிக்கும்போது வயல் இந்தப் பக்கம் வந்தது, மதகு அந்தப் பக்கம் நின்றது. 2004-லிருந்து தண்ணீர் இல்லை. அவருடைய அப்பா காலத்தில் நெல் விளைந்த இடத்தில் இப்போது வாழை நிற்கிறது, அதற்குப் பக்கத்துத் துண்டில் ரப்பர். சானல் வரப்பில் ஆடு கட்டுகிறார்கள். மண்டபத்தில் காலை முழுக்கப் பேசிய ஒருவரும் இந்தச் சானலின் பெயரை எடுக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. எல்லையைப் பற்றி இவ்வளவு பேசுகிறவர்கள், எல்லையில் நின்றுபோன தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்.

“வக்கீலு இருந்தா இந்நேரம் ஒரு கேஸு போட்டிருப்பாரு” என்றார் அவர்.

சித்தப்பா கிளாசைக் கீழே வைத்தார். “கேஸு போட்டாச்சே. 2012-ல நம்ம சர்க்காரு சுப்ரீம் கோர்ட்டில போட்டாச்சு.”

“அப்பிடியா? பின்னே என்னாச்சு?”

“வாய்தா.”

வாழைக்குலைக்காரர் சிரித்துவிட்டு எங்கள் சாயாவுக்கும் சேர்த்துக் காசு கொடுத்தார். சித்தப்பா எவ்வளவு தடுத்தும் கேட்கவில்லை.